வாசிக்காமல் வைச்ச கையெழுத்து

சமாதானம் எண்ட கதை ஓய்ஞ்சு, கொழும்பில சந்திக்குச் சந்தி திரும்பவும் மணல் மூட்டையும் ஆமிக்காரரும் வந்த காலம் அது. நான் அப்ப வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, மேல்மாடி அறை ஒண்டில வாடகைக்கு இருந்தனான். அம்மா, அப்பா, தங்கச்சி மூண்டு பேரும் கனடாவுக்குப் போயிட்டினம். என்னையும் வாவெண்டு கூப்பிட்டவை. நான் மாட்டன் எண்டிட்டன். ஏனெண்டால் இஞ்ச நான் ஒரு ஸ்டார்!

சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். அந்த நாளில கொழும்பில தமிழில ராப் பாடுற ஆக்களை ஒரு கை விரலில எண்ணிப் போடலாம். அதில நானும் ஒருத்தன். ரெண்டு சீடி வந்திருந்தது. இடைக்கிடை ரீவியிலயும் முகம் வரும். கொழும்பு வெக்கையில தொளதொள காற்சட்டை, பின்பக்கம் திருப்பின தொப்பி, கழுத்தில தங்கப் பூச்சுச் சங்கிலி. அந்தக் கோலத்தில மார்க்கெற்றுக்குப் போனால் மரக்கறிக்காரர் கூட "என்ன மல்லி, புதுப் பாட்டு எப்ப?" எண்டு கேப்பார். மல்லி எண்டால் சிங்களத்தில தம்பி. மற்றப் பெடியளுக்கு நிகழ்ச்சி பிடிச்சுக் குடுக்கிறதும் நான்தான். ஆர் எந்த மேடையில ஏறுறது எண்டு என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பினம். தலைக்கனம் எண்டால் அப்பிடியொரு தலைக்கனம்.

என்ர பெரிய பெருமை, மூண்டு பாஷையிலயும் ராப் பாடுவன் எண்டது. சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கிரவுண்டில பந்தடிச்சு, பஸ்ஸில சண்டை பிடிச்சு, நுகேகொடை ஸ்ரூடியோவில சிங்களப் பெடியளோட நாள் கணக்கில குந்தியிருந்து பழகின சிங்களம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழன் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். ஆனால் ஒரு விஷயம் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டைத் தாண்டி ஒரு எழுத்து ஓடாது. பாட்டில வாற சிங்கள வரியளை எல்லாம் தமிழ் எழுத்தில எழுதி வைச்சுத்தான் பாடுறனான். ஆரும் எட்டிப் பாத்தால் டக்கெண்டு கொப்பியை மூடிப்போடுவன்.

தெரியாத இன்னொண்டும் இருந்தது. என்ர சீடியளில வாற தமிழ் வரியளை எழுதினது நானில்லை. என்னோட அறையில இருந்த நண்பன். அவன் சாவகச்சேரிப் பக்கம். யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில கொழும்புக்கு வந்தவன். கொட்டாஞ்சேனையில ஒரு அச்சகத்தில புரூஃப் பாக்கிற வேலை. ஒருநாள் நிகழ்ச்சி முடிஞ்சு நான் வேர்த்து விறுவிறுத்து நிக்கேக்க கிட்ட வந்து, "ஐசே, உம்மட ரெண்டாவது பாட்டில ஒரு வரி தாளத்தில தட்டுது" எண்டான். எனக்கு வந்த கோபம்! அறைக்கு வந்து பாடிப் பாத்தன். தட்டினதுதான். அடுத்த மாசமே அவன் தன்ர பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு என்ர அறைக்கு வந்திட்டான்.

கதைக்கிறது குறைவு. வாசிக்கிறது மட்டும் ஓயாது. பால்மாப் பெட்டியின்ர பின்பக்கத்தைக் கூட விடமாட்டான். வரியளை எழுதி, தானே நாலு தரம் வாசிச்சுத் திருத்தி, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ வைச்சிட்டு வேலைக்குப் போயிடுவான். நான் எழும்பி அதை எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போவன். சீடி மட்டையில அவன்ர பேர் வரேல்லை. போடட்டோ எண்டு நான் கேக்கவுமில்லை. அவனும் கேக்கேல்லை.

நிலைமை மாறினதும், தமிழ் ஆக்கள் இருக்கிற வீட்டில ஆரார் தங்கியிருக்கினம் எண்டு படிவம் நிரப்பிப் பொலிஸில பதிய வேணும் எண்டு வந்திட்டுது. வீட்டுக்கார அன்ரி தன்ர பேரையும் என்ர பேரையும் பதிஞ்சு போட்டா. அவனைப் பதியிறதெண்டால், அறையை எடுத்தவன் எண்டபடியால் நானும் கூடப் போய் நிக்க வேணும். அன்ரி ஒவ்வொரு கிழமையும் படியடியில நிண்டு கேப்பா, "தம்பி, அந்தப் பிள்ளையைப் பதிஞ்சிட்டீரோ?" எண்டு. "நாளைக்கு அன்ரி, நாளைக்கு" எண்டிட்டு இறங்கி ஓடிடுவன். ஒருநாள் போனதுதான். வெயிலுக்குள்ள நிண்ட வரிசையைக் கண்டிட்டுத் திரும்பி வந்திட்டன். ஆக்களோட ஆளா வேர்த்துக்கொண்டு நிக்கிறதோ, நானோ! அவனும் என்னை நெருக்கேல்லை. "உமக்கு நேரம் வரேக்க போவம்" எண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெக்கோடிங் முடிஞ்சு வாறன், ஒழுங்கை முழுக்க யன்னல் சாத்திக் கிடக்குது. மேல ஏறினால் அறைக்கதவு திறந்தபடி. ஃபான் சுத்துது. பாயில கொப்பி விரிஞ்சு கிடக்குது, பக்கத்தில பாதி குடிச்ச தேத்தண்ணி. அன்ரி மூச்சு வாங்க ஏறி வந்தா. "பொலிஸ் வந்து கொண்டு போயிட்டாங்கள் தம்பி. லிஸ்டில பேர் இல்லை எண்டிட்டாங்கள். நான் எவ்வளவு சொன்னனான் உமக்கு!" எண்டு தலையில கை வைச்சுக்கொண்டு குந்திட்டா. அண்டைக்கு எங்கட ஒழுங்கையில எட்டுப் பேரைக் கொண்டு போனவங்கள். பதிஞ்ச ஏழு பேரும் விளக்கு வைக்கிற நேரம் வீட்டுக்கு வந்திட்டினம்.

அடுத்த நாள் காலமை நான் சங்கிலியையும் போட்டுக்கொண்டு பொலிஸுக்குப் போனன். எந்தப் பொலிஸ் எண்டது இப்ப தேவையில்லை. என்ர நினைப்பு என்னெண்டால், முகத்தைக் கண்டவுடன விட்டிடுவாங்கள் எண்டு. அங்க இருந்த அதிகாரிக்கும் என்னைத் தெரிஞ்சிருந்தது. தன்ர மகள் என்ர சிங்களப் பாட்டைப் பாடித் திரியிறாள் எண்டு சொல்லி, கதிரை காட்டி, பிளேன்ரீயும் எடுப்பிச்சார். நானும் பகிடி விட்டு, அவரும் சிரிச்சு, எல்லாம் நல்லாத்தான் போனது. பிறகு பேனையைத் திறந்துகொண்டு கேட்டார், நாங்கள் பிடிச்ச ஆள் உமக்கு ஆர் எண்டு.

அந்த ஒரு கேள்வியோட, அவன்ர அடையாள அட்டையில இருக்கிற ஊர், அவனைப் பதியாமல் வைச்சிருந்தது, என்ர அறை, எல்லாம் ஒரேயடியா மண்டைக்குள்ள ஓடினது. நான் என்ன சொன்னன் தெரியுமோ? நல்ல வடிவான சிங்களத்தில சொன்னன்: "பாட்டு வேலைக்கு வந்து போற ஒருத்தர் சேர். எனக்குப் பெரிசா ஒண்டும் தெரியாது. நல்ல ஆள் மாதிரித்தான் இருக்கு." பட்டும் படாமலும் கதைச்சால் விஷயம் சின்னனாப் போயிடும் எண்டு நினைச்சன். கெட்டித்தனமாம்!

அவர் ஒரு பக்கம் எழுதினார். எழுதி, கடதாசியை என்ர பக்கம் திருப்பி, "கியவலா அத்சன் கரன்ன" எண்டார். வாசிச்சிட்டுக் கையெழுத்து வையும் எண்டு. அந்த மனுசனைக் குறை சொல்லேலாது, வாசிக்கச் சொன்னவர். மூண்டு பாஷைக்காரன் வாசிக்கத் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் கண்ணை மேலயிருந்து கீழ வரைக்கும் மெதுவா இறக்கினன். நடுவில ஒரு இடத்தில புருவத்தைக் கூடச் சுருக்கினன். தலையாட்டினன். பிறகு சீடியில போடுற மாதிரிப் பெரிசா, வளைச்சு, கீழ ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்து வைச்சன்.

விசாரிச்சிட்டு விட்டிடுவம் எண்டவர். விடேல்லை. நாலாம் நாள் அவனை மறியலுக்கு, அதுதான் ஜெயிலுக்கு, மாத்திட்டினம் எண்டு கேள்விப்பட்டன்.

வெள்ளவத்தை எவ்வளவு சனம் இருக்கிற இடம்! அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னட்டை "அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?" எண்டு கேக்கேல்லை. கேட்டால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் எண்ட பயம். நான் ஒழுங்கையால வந்தால் முன்வீட்டுக்காரர் போனைக் காதில வைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போயிடுவார். நான் பொலிஸுக்கும் மறியலுக்கும் அலையிறன் எண்டு தெரிஞ்சதும் நிகழ்ச்சிக்காரரும் கூப்பிடுறதை விட்டிட்டினம். நான் மேடை ஏத்தி விட்ட பெடியளுக்குப் போன் எடுத்தால் தூக்க மாட்டாங்கள். ஸ்ரூடியோவில, கொஞ்ச நாள் போகட்டும் மச்சான் எண்டாங்கள். ஒருநாள் பக்கத்து ஃபிளாற்றில ரேடியோவில என்ர பாட்டுப் போகுது. ஆரோ பொம்பிளைப் பிள்ளையள் சேர்ந்து பாடுதுகள், கை தட்டுதுகள். அத்தனையும் அவன்ர வரி. அறைக்குள்ள அவன்ர பாய் சுருட்டினபடி சுவரில சாய்ஞ்சு நிக்குது. நான் தலகாணியை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டு அழுதன்.

மறியலுக்குப் பார்க்கப் போற வரிசையில எனக்கு முன்னால எப்பவும் ஒரு அக்கா நிப்பா. கொட்டாஞ்சேனை, வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள். புருசன் ஹார்பரில மூட்டை தூக்கிறவர், அவரையும் ஒரு செக்கிங்கில பிடிச்சு வைச்சிருந்தவை. செவ்வாய்க்கிழமை எண்டால் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டிட்டு, சோத்துப் பார்சலோட நேர இஞ்ச வருவா. பாட்டுக்கும் அவவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னை ஆர் எண்டே தெரியாது. "தம்பி, எடத்த பாத்துக்கங்க, தண்ணி குடிச்சிட்டு வாரன்" எண்டுவா. அவ்வளவுதான் பழக்கம். உள்ளுக்க போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் நிப்பான். நான் "வெகு கெதியில வந்திடுவீர்" எண்டுவன். அவன் தலையாட்டுவான். முதல் ரெண்டு தரமும் கொஞ்சம் கதைச்சான். பிறகு என்ர முகத்தையே பாக்கிறதில்லை. சுகமில்லையாக்கும் எண்டு நினைச்சன்.

ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சன். அவர் கேட்ட முதல் கேள்வி, நீர் குடுத்த வாக்குமூலத்தின்ர பிரதி எங்க எண்டதுதான். எழுதிக் குடுத்து, அலைஞ்சு, ஒரு மாதிரி ஒரு பிரதி எடுத்தன். அதை வைச்சுக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில ஒரு மதிலில சாய்ஞ்சு நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அக்கா வந்திட்டா.

"என்ன தம்பி, எவ்வளவு நேரமா அந்த ஒரு கடதாசி?"

"வாசிக்கிறன் அக்கா."

"பொய் சொல்லாதீங்க. வாசிக்கிற ஆளுக்குக் கண்ணு ஓடும். உங்கட கண்ணு ஒரே எடத்துல நிக்குது. தாங்க இங்க."

அவ படிச்சது சிங்களப் பள்ளிக்கூடத்தில. கடதாசியை வாங்கி, விரலால ஒவ்வொரு வரியாத் தொட்டுத் தமிழில சொன்னா. "'இவர் எனக்கு நெருக்கமான ஆள் இல்ல. வேலைக்கு வந்து போறவர். எதுக்காகக் கொழும்புல தங்கியிருக்கார்னு எனக்குத் தெரியாது. இவருக்கு நான் பொறுப்பு இல்ல.' கீழ சைன் இருக்கு. நல்லாப் பெரிசா வெச்சிருக்கீங்க."

"நான் இப்பிடிச் சொல்லேல்லை!" எண்டு கத்திட்டன். வரிசையில நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. கத்தி முடிய வாய் தானா அடைபட்டுப் போச்சு. ஏனெண்டால் நான் சொன்னனான். அந்த அதிகாரி பொய் எழுதேல்லை. நான் மழுப்பினதை அவர் நேரா எழுதியிருந்தார், அவ்வளவுதான். வாசிச்சிருந்தால் அண்டைக்கே "ஐயோ, இப்பிடி இல்லை சேர்" எண்டு சொல்லியிருப்பன். அந்த ஒரு பக்கத்தை வாசிச்சிருந்தால் எனக்கே என்னைத் தெரிஞ்சிருக்கும்.

"வாசிக்காம ஏன் வெச்சீங்க?" எண்டா அக்கா.

"வாசிக்கத் தெரியாது அக்கா. சொல்ல வெக்கமா இருந்தது." வாழ்க்கையில முதல் தரம் அதை ஒருத்தருக்குச் சொன்னன்.

அவ கடதாசியை மடிச்சு என்ர கையில தந்தா. "வெக்கம் உங்களுக்கு, மறியல் அவருக்கு" எண்டிட்டு வரிசைக்குப் போயிட்டா. அண்டைக்கு அவனைப் பார்க்க உள்ளுக்குப் போக எனக்கு முகமில்லை. சோத்துப் பார்சலை அக்காட்டைக் குடுத்திட்டு நடந்தே வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தன்.

புது வாக்குமூலம் குடுக்கலாம் எண்டார் சட்டத்தரணி. ஆனால் ரெண்டும் மாறி இருந்தால், ஏன் முதல் பொய் சொன்னனீர் எண்டு உம்மையும் பிடிச்சு வைக்கலாம், யோசிச்சுச் செய்யும் எண்டார். அம்மா போனில குளறினா, "பாஸ்போட் இருக்குத்தானே, வெளிக்கிட்டு வாவன்" எண்டு. அன்ரியும் அதையேதான் சொன்னா. மூண்டு நாள் யோசிச்சன். உண்மையைச் சொல்லுறன், ஒருநாள் ரிக்கெற் விசாரிக்கக் கூடப் போனனான். போய், வாசலில நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன். அந்தப் பாயை என்ன செய்யிறது?

புது வாக்குமூலம் குடுக்கப் பொலிஸுக்குப் போகேக்க அக்கா தானாத்தான் கூட வந்தா. "சும்மாதான தம்பி, அங்க நிக்கிறதுக்கு இங்க நிக்கிறன்" எண்டா. அதே அறை, அதே அதிகாரி. இந்த முறை கழுத்தில சங்கிலி இல்லை. "சேர், எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. போன முறை வாசிச்ச மாதிரி நடிச்சனான்" எண்டன். அவர் புதுக் கடதாசி ஒண்டை எடுத்தார். பிறகு நான் எல்லாத்தையும் சொன்னன். அவன் என்ர நண்பன், ரெண்டு வருஷமா என்ர அறையில இருக்கிறான், இன்ன அச்சகத்தில இன்ன வேலை, என்ர பாட்டெல்லாம் அவன் எழுதினது, பதியாமல் விட்டது அவன்ர பிழையில்லை, என்ர பிழை. இதால உமக்குக் கரைச்சல் வரும் எண்டு தெரியுமோ எண்டு கேட்டார். தெரியும் எண்டன்.

மூண்டு பக்கம் எழுதினார். பேனையை நீட்டினார். நான் கையை நீட்ட முந்தி, பின்னால இருந்து அக்கா, "பொட்டக் இன்ன, சேர்" எண்டா. கொஞ்சம் பொறுங்கோ எண்டு. முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு வந்து கடதாசியை எடுத்து, அந்தச் சனம் நிறைஞ்ச அறையில, ஒவ்வொரு வரியாச் சத்தமாத் தமிழில வாசிச்சா. மற்ற மேசையளில கதைச்சவையும் நிப்பாட்டிட்டினம். ரெண்டாம் பக்கத்தில ரெண்டு வருஷம் எண்டது ரெண்டு மாசம் எண்டு எழுதப்பட்டிருந்தது. அக்கா விரலை வைச்சுக் காட்டினா. அதிகாரி வெட்டித் திருத்தி, ஓரத்தில தானும் கையெழுத்து வைச்சார். பிறகுதான் நான் வைச்சன். இந்த முறை சின்னனாத்தான் வந்தது.

என்னைப் பின்னேரம் வரைக்கும் ஒரு வாங்கில இருத்தி வைச்சிட்டு விட்டினம். அக்கா அதுவரைக்கும் வெளியில நிண்டவ. அவவின்ர புருசன் கிறிஸ்மஸுக்கு முந்தி வந்திட்டார். என்ர நண்பன் வர இன்னும் நாலு மாசம் எடுத்தது. எல்லாமா ஏழு மாசம்.

கூட்டிக்கொண்டு வாறதுக்கு ஆட்டோவோட போனன். அவன் அறைக்கு வந்து, சுவரில சாய்ஞ்சு நிண்ட பாயை விரிச்சு, அதில இருந்தான். நான் ரெண்டாவது வாக்குமூலத்தைத் தமிழில எழுதி வைச்சிருந்ததை அவன்ர கையில குடுத்தன். வழக்கம் போல ஆறுதலா, ஒரு சொல்லும் விடாமல் வாசிச்சான். முடிச்சிட்டுச் சொன்னான்:

"எனக்கு அங்க வாசிச்சுக் காட்டினது முதல் கடதாசியை ஐசே. உம்மட கையெழுத்தையும் காட்டினவங்கள். ஆரும் கள்ளமா வைச்சிருப்பினம் எண்டு நினைக்கப் பாத்தன். ஆனால் கீழ அந்தக் கோடு இருந்தது."

நான் அவன்ர காலடியில இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். அவன் என்னோட கோவிக்கேல்லை. "சரி, எழும்பும். தேத்தண்ணி ஊத்தும்" எண்டான். ரெண்டு பேரும் குடிச்சம். ரெண்டு கிழமையில அவன் அறையை விட்டு வெளிக்கிட்டிட்டான். கோப்பைக்குக் கீழ அதுக்குப் பிறகு ஒரு கடதாசியும் இருக்கேல்லை.

நானும் பாட்டை விட்டிட்டன் எண்டுதான் சொல்ல வேணும். அக்காவின்ர வீட்டு விறாந்தையில, அவவின்ர சின்ன மகளின்ர முதலாம் வகுப்புப் புத்தகத்தை வைச்சுச் சிங்கள எழுத்துப் பழகினன். அந்தச் சின்னன் என்ர கையெழுத்தைப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு சனிக்கிழமையளில அதே விறாந்தையில ஒரு மேசை போட்டம். பதிவுப் படிவம், வாக்குமூலம், நோட்டீஸ், என்ன கடதாசி எண்டாலும் கொண்டு வாங்கோ, வாசிச்சுச் சொல்லுறம் எண்டு. முதல் கிழமை ரெண்டு பேர். பிறகு படிக்கட்டு வரைக்கும் நிப்பினம். கூடப் போக ஆளில்லாதவையோட பொலிஸுக்கும் போனன். வரிசையில, வெயிலில, ஆக்களோட ஆளா. கடைசியா நான் கட்டின பாட்டும் அந்த விறாந்தைக்குத்தான். "பொட்டக் இன்ன, பேனையைக் கீழ வை; வாசிச்ச பிறகு கையெழுத்தை வை." ரெண்டே வரி. கொட்டாஞ்சேனைச் சின்னனுகள் ஒழுங்கையில கை தட்டிப் பாடித் திரிஞ்சுதுகள். நண்பன் கேட்டால் தட்டுது எண்டு சொல்லுவானோ தெரியாது.

இப்ப என்ர தலைமயிர் அரைவாசி நரைச்சிட்டுது. மார்க்கெற்றில ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. சில வேளை ஆரும் கடதாசியோட வந்து "அந்த வாசிக்கிற அண்ணை நீங்களோ?" எண்டு கேப்பினம். ஓம் எண்டுவன். வேலை முடிஞ்சு அறைக்கு வந்து விளக்கைப் போட்டால், அவன்ர பாய் சாய்ஞ்சு நிண்ட சுவரைத்தான் முதல் பாப்பன்.

இதை எழுதி முடிக்க முந்தி அவனுக்குப் போன் எடுத்தனான். இப்ப ஒரு குளிர் தேசத்தில இருக்கிறான். "உம்மட பேரைப் போடட்டோ?" எண்டு கேட்டன். "வேண்டாம் ஐசே. கேட்டனீர்தானே, அது போதும்" எண்டான். அப்ப நான் சொன்னன், கொஞ்சம் பொறும், முழுக்க வாசிச்சுக் காட்டுறன் எண்டு. முதல் வரியில இருந்து இந்த இடம் வரைக்கும் வாசிச்சன். இண்டைக்கும் பேனையைத் தொட்டால் அவன்ர ஏழு மாசம்தான் என்ர கையில கனக்கும். அதால அவன் அந்தப் பக்கம் இருந்து "ஓம்" எண்ட பிறகுதான் இதுக்குக் கீழ கையெழுத்து வைக்கிறன், கோடு இழுக்காமல்.